வானில் ஆயிரம் மணி நேரம்

கத்ராவிலிருந்து வைஷ்ணவ தேவி கோயிலுக்கு மலையேறுவோரும், கேதார்நாத் பாதையில் நடப்போரும், மும்பையின் ஜுஹு கடற்கரையில் மாலையில் உலவுவோரும் தலைக்கு மேலே எழும் ஒரு பேரொலியைக் கேட்டு அண்ணாந்து பார்த்திருப்பர். ஹெலிகாப்டர் என்று நாம் அழைக்கும் அவ்வூர்திக்குத் தமிழில் உலங்கூர்தி என்றொரு பெயர் உண்டு. உலங்கு என்பது கொசு இனத்தைக் குறிக்கும் பழஞ்சொல். ஓரிடத்திலேயே அசையாமல் மிதக்கவும், பக்கவாட்டில் நகரவும், நினைத்த இடத்தில் செங்குத்தாக இறங்கவும் வல்ல ஊர்திக்கு இப்பெயரைச் சூட்டியவர், கொசுவை நெடுநேரம் உற்று நோக்கியவராகவே இருக்க வேண்டும். இலங்கைத் தமிழர் இதனை உலங்கு வானூர்தி என்று செய்திகளிலும் இயல்பாக எழுதுவர். இப்பாடத்தில் ஹெலிகாப்டர், உலங்கூர்தி என்னும் இரு சொற்களும் வரும்.

உங்களுள் சிலருக்கு இதனை ஓட்டும் ஆசை உண்டு என்பதை நான் அறிவேன். ‘எனது எதிர்காலக் கனவு’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், ஆண்டுதோறும் இரண்டு மூன்று தாள்களிலாவது ஒரு விமானி வந்துவிடுவார். அக்கட்டுரைகள் பெரும்பாலும் விமானி உரிமம் கைக்கு வரும் நாளோடு முடிந்துவிடும். இப்பாடமோ அதற்கு மறுநாளிலிருந்து தொடங்குகிறது. உரிமம் புதிது, பறந்த நேரம் குறைவு, வேலை இன்னும் இல்லை. இந்நிலையில் உள்ள இளம் விமானி எங்குப் போவார், என்ன செய்வார் என்பதே இங்கு நாம் அறியப்போவது.

முதலில் உரிமத்தைப் பற்றிச் சுருக்கமாகக் காண்போம். ஊதியம் பெற்று உலங்கூர்தி ஓட்டுவதற்கு வணிக விமானி உரிமம் வேண்டும். நம் நாட்டில் அதனை வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். வயது 18 நிறைந்திருக்க வேண்டும்; முதல் வகுப்பு மருத்துவத் தகுதி வேண்டும்; வான்வழி விதிகள், வழிகாணல், வானிலையியல் முதலிய பாடங்களில் எழுத்துத் தேர்வுகள் உண்டு. இவற்றோடு, குறிப்பிட்ட மணி நேரம் பறந்திருக்கவும் வேண்டும். கனடாவின் மான்ட்ரியால் நகரில் தலைமையகம் கொண்ட பன்னாட்டு சிவில் வான்போக்குவரத்து அமைப்பு, உலகிற்குப் பொதுவாக வகுத்த அளவு 150 மணி நேரம். அங்கீகாரம் பெற்ற பயிற்சித் திட்டத்தில் முறையாகப் பயின்றவருக்கு 100 மணி நேரமே போதுமானது.

150 மணி நேரம் என்பது எவ்வளவு? இரவு பகலாக இடைவிடாது பறந்தால் ஆறேகால் நாள். அவ்வளவுதான். ஆயினும் அதனைச் சேர்க்கப் பலருக்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் அதில் கரைந்துவிடுவதும் உண்டு.

இனி வேலை தேடிப் புறப்படுவோம். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் நிறுவனம் ஏறத்தாழ 1000 மணி நேரப் பட்டறிவைக் கேட்கிறது. நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கும் நிறுவனம் 2000 வரை கேட்கிறது. புதிய விமானியின் கையிலோ 150 அல்லது 200 தான் உள்ளது. வேலை கிடைத்தால் மணி நேரம் சேரும். மணி நேரம் சேர்ந்தால்தான் வேலை கிடைக்கும். நீந்தத் தெரிந்தபின் கிணற்றில் இறங்கு என்று பிள்ளையிடம் கூறுவதைப் போன்ற நிலை இது. எஞ்சிய 800 மணி நேரத்தையும் பணம் கொடுத்தே பறந்து சேர்க்கலாமே என்று எண்ணுவீர்கள். அமெரிக்காவில் மிகச் சிறிய பயிற்சி உலங்கூர்தியின் வாடகையே மணிக்கு 300 டாலருக்கு மேல் ஆகும். 800 ஐ 300 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 2,40,000 டாலர். நம் பணத்தில் ஏறத்தாழ இரண்டு கோடி ரூபாய். ஆகவே அவ்வழி, செல்வம் மிகுந்த சிலரைத் தவிர மற்றவர்க்கு இல்லை.

நிறுவனங்கள் இவ்வாறு கேட்பது வீம்பினால் அன்று. உலங்கூர்தி ஓட்டுவது எத்தகைய செயல் என்பதை அறிந்தால் இது விளங்கும்.

விமானியின் இடக்கையில் ஒரு நெம்புகோல் இருக்கும். அதன் பெயர் கலெக்டிவ். அதனை உயர்த்தினால் மேலே சுழலும் இறக்கைகள் யாவும் ஒருசேரச் சாய்வு கூடி ஊர்தியை மேலே தூக்கும். வலக்கையில் உள்ள கோல் சைக்ளிக் எனப்படும். முன்னே, பின்னே, பக்கவாட்டில் செல்வதற்கு இது. கால்களுக்குக் கீழே இரண்டு மிதிகள். வால்புறத்துச் சிறு சுழலியைக் கட்டுப்படுத்தி மூக்கு எத்திசை நோக்க வேண்டும் என்பதை இவை முடிவு செய்யும். இவற்றுள் ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் உடனே சிறிது மாற்றியாக வேண்டும். இடக்கை உயர்ந்தால் மூக்கு ஒருபுறம் திரும்பும். அதனைக் கால் தடுக்க வேண்டும். கால் அழுத்தியதும் ஊர்தி ஒருபுறம் நகரப் பார்க்கும். அதனை வலக்கை தடுக்க வேண்டும். தரைக்கு ஆறடி உயரத்தில் ஓரிடத்திலேயே மிதந்து நிற்பது பார்ப்பதற்கு எளிது. பயில்பவருக்கோ முதல் சில மணி நேரம் ஊர்தி, மூக்கணாங்கயிறு அறுந்த காளையைப் போலத் தோன்றும்.

அதைவிடக் கடினமானது, இயந்திரம் நின்றுவிடும் தருணம். இயந்திரம் நின்றால் ஹெலிகாப்டர் கல்லைப் போல விழும் என்று பலரும் நம்புகின்றனர். உண்மை அதுவன்று. விமானி கலெக்டிவை உடனே தாழ்த்தினால், கீழிருந்து மேலே பாயும் காற்று இறக்கைகளைத் தொடர்ந்து சுழற்றும். மரத்திலிருந்து உதிரும் இறகுடைய விதை சுழன்று சுழன்று இறங்குமே, அதுபோல. இதனை ஆட்டோரொடேஷன் என்பர். தற்சுழற்சி இறக்கம் எனலாம். தரையை நெருங்கும்போது சுழற்சியில் எஞ்சியுள்ள ஆற்றலைக் கொண்டு ஒரே ஒரு முறை கலெக்டிவை உயர்த்தி மெல்ல அமர வேண்டும். இரண்டாம் வாய்ப்புக் கிடையாது. எடை குறைந்த இறக்கைகளைக் கொண்ட சிறிய ஊர்திகளில், கலெக்டிவைத் தாழ்த்துவதற்கு ஒன்றிரண்டு விநாடிக்கு மேல் அவகாசம் இருக்காது. ‘என்ன நேர்ந்தது?’ என்று நினைத்து முடிப்பதற்குள் கை தானே தாழ வேண்டும். அத்தகைய பழக்கம் புத்தகத்தால் வருவதில்லை.

மூன்றாவது பகை, முகில். ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் தரையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பறப்பவை. திடீரென முகிலுக்குள் நுழைந்தால் தொடுவானம் மறைந்துவிடும். அப்போது நம் உட்செவி தரும் உணர்வு பொய்யாகிவிடும். ஊர்தி சாய்ந்துகொண்டிருக்கையில் நேராகச் செல்வதாகவே உடல் சொல்லும். வானிலை கெடுவதை முன்கூட்டியே உணர்ந்து திரும்பிவிடும் கண், பல நூறு மணி நேரத்தில் சிறிது சிறிதாக உருவாவது. ஒரு ஹெலிகாப்டரின் விலை சில கோடி ரூபாய். அதில் அமர்ந்திருப்போரின் உயிருக்கு விலை இல்லை. எனவே காப்பீட்டு நிறுவனம், ‘இத்தனை மணி நேரம் பறந்தவர் ஓட்டினால்தான் இழப்பீடு தருவோம்’ என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுகிறது. இளைஞருக்கு வேலை கொடுக்க முதலாளிக்கு மனம் இருந்தாலும் அவ்வரி அவரைத் தடுத்துவிடும்.

இந்த இடைவெளியை மற்ற நாடுகளில் எவ்வாறு கடக்கின்றனர்? அமெரிக்காவில் பெருவழக்காக உள்ள முறை சற்று வியப்பானது. அங்கே, புதிதாகக் கற்றவர் உடனே கற்பிப்பவராகிவிடுகிறார்!

வணிக உரிமம் பெற்றதும், மேலும் சில வாரங்கள் பயின்று பயிற்றுநர் தகுதியைப் பெறுவர். பிறகு, தாம் பயின்ற பள்ளியிலேயே பயிற்றுநராகச் சேர முயல்வர். மாணவர் கட்டணம் செலுத்துவார், ஊர்தி பறக்கும், அந்நேரம் பயிற்றுநரின் கணக்கிலும் ஏறும். அங்குள்ள பயிற்சிப் பள்ளிகளில் மிகுதியாகக் காணப்படுவது ராபின்சன் ஆர்22 என்னும் இருவர் அமரும் ஊர்தி. ஃபிராங்க் ராபின்சன் என்னும் பொறியாளர் வடிவமைத்த இது, 1979 ஆம் ஆண்டில் அரசின் தரச்சான்று பெற்றது. விலையும் பராமரிப்புச் செலவும் குறைவு என்பதால் உலகெங்கும் பரவியது. ஆனால் அதன் இறக்கைகள் எடை குறைந்தவை. தவறான கையாளலைப் பொறுத்துக்கொள்ளாதவை. இவ்வகை ஊர்திகளில் நேர்ந்த தொடர் விபத்துகளுக்குப் பின், 1995 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஒரு தனி விதியைக் கொண்டுவந்தது. அதன்படி, ஆர்22 ஊர்தியில் பிறருக்குக் கற்பிக்க வேண்டுமாயின் ஹெலிகாப்டர்களில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அவற்றுள் 50 மணி நேரம் ஆர்22 இலேயே இருக்க வேண்டும். ஆகவேதான் 150 மணி நேரத்தில் உரிமம் கிடைத்தாலும், அங்கே 200 ஐ எட்டும் வரை கைப்பணம் செலவழித்துப் பறக்கின்றனர்.

மாதம் 50 மணி நேரம் கற்பிக்கக் கிடைத்தால், 200 லிருந்து 1000 ஐ அடைய 16 மாதங்கள் போதும். மழை, பனிக்காலம், பழுது, மாணவர் வராத நாள்கள் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டால் இரண்டு ஆண்டு என்று கொள்வதே முறை. ஊதியமும் பறந்த மணிக்கே கிடைக்கும். பறக்காத நாளில் கையில் ஒன்றும் இராது. எனினும், ஆசிரியர் வேலையில் இருக்கும் எனக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் தெரிகிறது. பிறர் செய்யும் பிழையைக் கணப்பொழுதில் கண்டு கைகொடுத்துத் திருத்துபவர், தாம் தனியே பறந்து கற்பதைவிட மிகுதியாகக் கற்றுவிடுவார். அதே நேரத்தில், 200 மணி நேரமே பறந்த ஒருவரிடம் முதல் பாடம் கேட்பது மாணவருக்கு எவ்வளவு நன்மை என்று கேட்டால், என்னிடம் மனநிறைவான விடை இல்லை.

1000 ஐத் தாண்டிய பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். அரிசோனா மாநிலத்தின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேல் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லுதல், மெக்சிகோ வளைகுடாவில் கடலுக்குள் நிற்கும் எண்ணெய் மேடைகளுக்குத் தொழிலாளரைக் கொண்டு சேர்த்தல் போன்றவை அடுத்த படிகள். அங்குதான் பலர் முதன்முதலில் டர்பைன் இயந்திரம் பொருத்திய ஊர்தியில் அமர்கின்றனர். பயிற்சிப் பள்ளியின் சிறிய ஊர்தி பிஸ்டன் இயந்திரத்தில் ஓடுவது. வேலைவாய்ப்பு விளம்பரங்களோ டர்பைன் மணி நேரம் எவ்வளவு என்று தனியே கேட்கும்.

கனடாவின் வழி வேறு. அங்கே வணிக உரிமத்திற்கு 100 மணி நேரம் போதும். ஆனால் உரிமத்தோடு வரும் இளைஞருக்கு நிறுவனம் முதலில் கொடுப்பது ஊர்தியை அன்று, துடைப்பத்தை! ஊர்திக் கொட்டகையைப் பெருக்குவது, ஊர்தியைக் கழுவுவது, எரிபொருள் பீப்பாய்களை உருட்டுவது, காட்டுத்தீ அணைக்கும் காலத்தில் காட்டு முகாம்களில் மூத்த விமானிக்குத் துணையாக இருப்பது ஆகிய வேலைகளில் ஓராண்டோ இரண்டாண்டோ கழியும். இடையிடையே, பயணி இல்லாத வெற்று ஊர்தியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லும் வாய்ப்புக் கிடைக்கும். காலை நான்கு மணிக்கு எழுந்து பனியைச் சுரண்டியவர் யார், சலித்துக்கொண்டு நின்றவர் யார் என்பதை மூத்தோர் பார்த்துக்கொண்டே இருப்பர்.

ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் மாட்டுப் பண்ணைகள் பல ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்புடையவை. அங்கே மந்தையைத் திரட்டி ஓட்டி வருவது ஹெலிகாப்டர்! நம் ஊர் இடையர் கோல் ஊன்றிச் செய்யும் வேலையை ஆர்22 ஊர்தி மரக்கிளை உயரத்தில் பறந்து செய்கிறது. இதற்குத் தாழ்வாகப் பறக்கும் தனிப்பயிற்சியும் தகுதியும் தேவை. குறைந்த மணி நேரத்தோடு வரும் விமானி, முதலில் பண்ணையில் வேலியடைக்கவும் மாடு பிடிக்கவும் உதவியாளராகச் சேர்வார். மாட்டின் மனம் அறியாதவர் மேலிருந்து அதனை ஓட்ட இயலாது என்பது பண்ணையாரின் வாதம், சரியான வாதமும்கூட. ஆனால் மரத்தோடும் மின்கம்பியோடும் நெருங்கிப் பறக்கும் இவ்வேலையில் இடர் மிகுதி.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இங்கே நிலைமை எளிதன்று என்பதை ஒளிக்காமல் கூறிவிடுவது நல்லது.

இவ்வளவு பெரிய நாட்டில் படைத்துறை சாராத ஹெலிகாப்டர்களின் எண்ணிக்கை முந்நூறுக்கும் குறைவு. அவை செய்யும் பணிகளைப் பாருங்கள். மும்பைக்கு மேற்கே கடலில் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், 1974 ஆம் ஆண்டில் எண்ணெய் கண்டறியப்பட்ட மும்பை ஹை வயலுக்கு ஜுஹுவிலிருந்து பணியாளரை ஏற்றிச் செல்லுதல். இமயமலைக் கோயில்களுக்கு அடியார்களைக் கொண்டு செல்லுதல். அந்தமான் தீவுகளையும் வடகிழக்கு மலை மாநிலங்களையும் இணைத்தல். தேர்தல் காலத்தில் தலைவர்களைக் கூட்டத்திற்குக் கூட்டம் ஏற்றிச் செல்லுதல். இவற்றுள் எதுவும் தொடக்கநிலை வேலை அன்று. மலையில் பறப்பதற்கு மலைப் பட்டறிவு தனியே வேண்டும். அமைச்சர் முதலியோரை ஏற்றிச் செல்லும் விமானிக்கெனத் தனி விதிகள் உள்ளன. கடல் மேடைக்குச் செல்லும் ஊர்தியின் விமானி எத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பதை எண்ணெய் நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது வழக்கம். அமெரிக்காவில் ஏணியின் கீழ்ப்படியாக நின்ற பயிற்சிப் பள்ளிகளோ இங்கே மிகமிகக் குறைவு. பள்ளி இல்லாத இடத்தில் பயிற்றுநர் வேலையும் இராது. ஏணியின் மேல்படிகள் உள்ளன, கீழ்ப்படிகள்தாம் காணவில்லை.

அவ்வாறாயின் இங்குப் பறப்பவர் யார்? பெரும்பாலோர் படைத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். வான்படை, தரைப்படை, கடற்படை, கடலோரக் காவற்படை ஆகியவற்றில் பல்லாண்டு பறந்து, ஆயிரக்கணக்கான மணி நேரத்தோடும் மலைப் பட்டறிவோடும் வருபவர்களுடன் 200 மணி நேர இளைஞர் போட்டியிட வேண்டியுள்ளது.

புதியவருக்குத் திறந்திருக்கும் முதன்மையான வாயில், துணை விமானி இருக்கை. கடல்வழிப் பயணத்திற்குச் செல்லும் பெரிய ஊர்திகளில் இரண்டு இயந்திரங்களும் இரண்டு விமானிகளும் இருப்பர். பயணிகள் விமானத்தில் தலைமை விமானி இடப்புறம் அமர்வார். ஹெலிகாப்டரில் பெரும்பாலும் வலப்புறம் அமர்வார். ஆகவே இடப்புற இருக்கைதான் புதியவரின் இடம். 1985 ஆம் ஆண்டில் நடுவண் அரசு தொடங்கிய பவன் ஹன்ஸ் போன்ற நிறுவனங்களில் இத்தகைய இடங்கள் இருந்துவந்துள்ளன. ஆனால் அவை எண்ணிக்கையில் சில, விண்ணப்பிப்போர் பலர். குறிப்பிட்ட பெரிய ஊர்தியை ஓட்டுவதற்குரிய தனித் தகுதியை முன்பே பெற்றவர்களுக்கு முன்னுரிமை கிடைப்பதும் உண்டு. அத்தகுதிக்கான செலவோ மிகப் பெரிது. வேலை உறுதியாகாமல் அதற்கெனக் கடன் வாங்குவதை நான் அறிவுடைமை என்று கருதவில்லை.

அமெரிக்காவிலேயே பயின்று, அங்கேயே பயிற்றுநராக இருந்து 1000 ஐச் சேர்த்துக்கொண்டு திரும்பலாமே என்று ஒரு பத்தாம் வகுப்பு மாணவி கேட்டாள். கூர்மையான கேள்வி. இங்குதான் ஒரு முடிச்சு உள்ளது. விமானப் பயிற்சிக்கென அந்நாடு வழங்கும் விசா, கற்பதற்கு இடம் தரும். ஆண்டுக்கணக்கில் ஊதியத்திற்கு வேலை செய்ய இடம் தராது. பயிற்சி முடிந்து சில மாதங்களில் நாடு திரும்ப வேண்டியிருக்கும். அந்நாட்டு இளைஞர் ஏறும் ஏணி நம் இளைஞருக்குப் பாதியிலேயே நின்றுவிடுகிறது. திரும்பிய பின், நம் நாட்டு விதிகளின்படி வான்வழி விதி முதலிய தேர்வுகளை எழுதி உரிமத்தை மாற்றிக்கொள்ளவும் வேண்டும். அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். கை பழக்கத்தை இழக்கும். முந்தைய 90 நாள்களுக்குள் மூன்று முறையேனும் ஏறி இறங்காத விமானி பயணிகளை ஏற்றக்கூடாது என்பது பல நாடுகளிலும் உள்ள விதி. பறக்காத விமானியின் உரிமம், பெட்டிக்குள் வைத்த அரிவாள் போலத் துருப்பிடிக்கும்.

படைத்துறையில் பணிபுரிவோரின் பிள்ளைகளும் இவ்வகுப்பில் இருப்பீர்கள். உங்கள் வீட்டிலேயே இன்னொரு வழி பேசப்பட்டிருக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பிற்குப் பின் தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வு வழியாகவோ, பட்டப்படிப்பிற்குப் பின் வான்படையின் பொது நுழைவுத் தேர்வு வழியாகவோ பறப்புப் பிரிவில் சேரலாம். மகளிரும் சேரலாம். வான்படையின் ஹெலிகாப்டர் பயிற்சி ஹைதராபாத்தை அடுத்த ஹகிம்பேட்டையில் நடைபெறுகிறது. தரைப்படையின் வான்பிரிவுப் பயிற்சி நாசிக்கில். கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி நம் அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில். விடுமுறையில் சென்னைக்கு இரயிலில் செல்வோர் அரக்கோணத்தைக் கடக்கும்போது வானத்தையும் ஒருமுறை பாருங்கள்.

இவ்வழியில் பயிற்சிக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. மாறாக ஊதியம் கிடைக்கும். ஆனால் இதனை மலிவான பயிற்சிப் பள்ளி என்று எண்ணுவது பெரும்பிழை. வான்படையின் குறுகிய காலப் பணியே பறப்புப் பிரிவில் 14 ஆண்டுகள். அது நாட்டிற்குக் கொடுக்கும் வாக்கு. சியாச்சின் பனிமலைக்கு மருந்து கொண்டு செல்வதும், வெள்ளத்தில் கூரைமேல் நிற்போரைக் கயிற்றில் தூக்குவதும் அப்பணியின் பகுதிகள். மேலும், போர் விமானமா, சரக்கு விமானமா, ஹெலிகாப்டரா என்பதைப் பயிற்சியின்போது படையே முடிவு செய்யும். நம் விருப்பம் மட்டும் போதாது.

படையில் சேர விருப்பமில்லாமல், தம் செலவிலேயே பயில விரும்புவோர், சேருமுன் பயிற்சிப் பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ‘உரிமம் எத்தனை மாதத்தில் கிடைக்கும்?’ என்று எல்லாரும் கேட்பர். அதற்கு விடையும் உடனே கிடைக்கும். ‘கடந்த மூன்று ஆண்டுகளில் இங்குப் பயின்றவர்கள் இப்போது எங்கே பறக்கிறார்கள்? அவர்களுள் இருவரிடம் நான் பேசலாமா?’ என்று கேளுங்கள். பளபளப்பான விளம்பரத் தாள் சொல்லாத செய்தி அவ்விடையில் இருக்கும். விடை வராவிட்டால் அதுவும் ஒரு செய்திதான்.

உரிமம் கிடைத்த பின் காத்திருக்கும் காலத்தை வீணாக்காதவர்களும் உள்ளனர். சிலர் ஹெலிகாப்டர் நிறுவனங்களின் தரைப்பணியில் சேர்கின்றனர்: பயண அட்டவணை தயாரித்தல், வானிலை அறிக்கை திரட்டுதல், பயணிகளை எடை பார்த்து அமர்த்துதல், பாதுகாப்புப் பிரிவில் ஆவணம் பேணுதல். இவ்வேலைகளால் பதிவேட்டில் ஒரு நிமிடமும் ஏறாது. ஆயினும் துணை விமானி இருக்கை ஒன்று காலியாகும் நாளில், அஞ்சலில் வந்த விண்ணப்பத்தைவிட அன்றாடம் கண்ணெதிரே உழைக்கும் முகம் முதலில் நினைவிற்கு வரும். இது சிபாரிசு அன்று. இவரை நம்பி ஊர்தியைக் கொடுக்கலாமா என்னும் கேள்விக்கு நிறுவனம் ஓராண்டாகத் திரட்டிய விடை.

பதிவேடு என்றேன். ஒவ்வொரு விமானியிடமும் லாக்புக் என்னும் பறப்புப் பதிவேடு இருக்கும். நாள், ஊர்தியின் எண், புறப்பட்ட இடம், இறங்கிய இடம், நேரம் ஆகியவற்றை அவரே எழுதுவார். எழுதுபவர் அவரே என்பதால், பறக்காத மணி நேரத்தைப் பேனாவால் ‘பறந்து’ சேர்க்கும் ஆசை எழுவதுண்டு. ஊர்தியின் தனிப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் அப்பொய் வெளிப்பட்டுவிடும், உரிமமும் போகும். 2011 ஆம் ஆண்டில், போலி மதிப்பெண் சான்று கொடுத்து உரிமம் பெற்ற சில விமானிகள் நம் நாட்டில் கைது செய்யப்பட்டனர். அகப்படாமல் இருந்தாலும் நிலைமை மாறாது. இயந்திரம் நிற்கும் அந்த ஒன்றிரண்டு விநாடியில், பேனாவால் எழுதிய மணி நேரம் கைக்கு வந்து உதவாது.

இறுதியாக, எப்படியோ முதல் வேலை கிடைத்துவிட்ட இளைஞரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்கு முன்னே புதியதோர் இடர் நிற்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,580 மீட்டர் உயரத்தில் உள்ள கேதார்நாத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. ஊர்திக்குத் தூக்கும் வலிமையும் அதனால் குறையும். குறுகிய பள்ளத்தாக்கில் முகில் சில நிமிடங்களில் வழியை மூடிவிடும். 2022 ஆம் ஆண்டு அக்டோபர் 18 அன்று அங்கே ஹெலிகாப்டர் ஒன்று விபத்துக்குள்ளாகி, விமானியும் ஆறு அடியார்களும் உயிரிழந்தனர். பட்டறிவு மிக்கவர்களே தடுமாறும் இடம் அது. கீழே பயணிகள் வரிசையில் நிற்பர். நிறுவனம் கடிகாரத்தைப் பார்க்கும். பெரும்பாடுபட்டுக் கிடைத்த வேலை இது என்னும் நினைவு விமானியின் நெஞ்சை அழுத்தும். ‘இப்போது பறக்க இயலாது, வானிலை சரியில்லை’ என்று சொல்ல அதிகாரம் விமானிக்கு உண்டு. ஆனால் ஆயிரம் மணி நேரத்திற்காக ஏங்கி நிற்கும் ஒருவருக்கு அச்சொற்களைச் சொல்வது, மூத்தவருக்கு இருப்பதைவிடப் பன்மடங்கு கடினம். நல்ல நிறுவனங்கள் இதனை அறிந்துள்ளன. ஆகவே நேர்காணலில், ‘எவ்வளவு பறந்தீர்கள்?’ என்பதோடு, ‘பாதி வழியில் திரும்பி வந்தது உண்டா? ஏன் திரும்பினீர்கள்?’ என்றும் கேட்கின்றன.

பயிற்சி

1. புதிய விமானிக்கு வேலை கொடுக்க விரும்பும் முதலாளியையும் தடுப்பது எது? பாடத்திலிருந்து எடுத்து எழுதுக.

2. ஒரு பயிற்றுநருக்கு மாதம் 40 மணி நேரமே கிடைக்கிறது. அவர் 200 மணி நேரத்திலிருந்து 1000 மணி நேரத்தை அடைய எத்தனை மாதங்கள் ஆகும்? விடையைத் தமிழ் எண்ணுப் பெயரால் எழுதுக.

3. ‘ஏணியின் மேல்படிகள் உள்ளன, கீழ்ப்படிகள்தாம் காணவில்லை’ – இதன் பொருளை உம் சொந்த நடையில் ஐந்து தொடர்களில் விளக்குக.

4. உலங்கூர்தி, பறப்புப் பதிவேடு, தற்சுழற்சி இறக்கம் – இவற்றுள் ஒன்றை, உம் வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவருக்குப் புரியுமாறு பேச்சுத் தமிழில் சொல்லிக் காட்டுக. அவர் கேட்ட கேள்விகளைக் குறித்து வருக.

5. பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேருமுன் நீர் கேட்க விரும்பும் மூன்று வினாக்களைக் கடித வடிவில் எழுதுக.